மஞ்சப்பையில் திரும்பி வந்த கேமரா

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யப் பட்டுக்கோட்டைக்குப் போனபோது அப்பாவின் பீரோ மேல்தட்டில் ஒரு மஞ்சப்பை கிடைத்தது. உள்ளே பழைய துண்டில் சுற்றிய கேமரா. கேனன் பவர்ஷாட் ஏ460. 5 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், இரண்டு பென் டார்ச் செல். 2007 தீபாவளிக்கு அப்பா போனஸ் பணத்தில் வாங்கியது. எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் டிஜிட்டல் கேமரா.

செல்லைக் கழற்றித் தனியாக வைத்திருந்தார். அதனால் உள்ளே பச்சை பூக்கவில்லை. கடையில் புது செல் வாங்கிப் போட்டதும் லென்ஸ் சத்தத்தோடு வெளியே நீண்டது. தேதியும் நேரமும் மட்டும் கேட்டது. கட்டிலில் படுத்திருந்த அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கார்டு உள்ளயே இருக்கா பாரு பாப்பா" என்றார்.

இருந்தது. 1 ஜிபி கார்டு. கேமராவோடு வந்த குட்டிக் கார்டில் பத்துப் படம்கூட நிற்காததால் தனியாக வாங்கியது. மடிக்கணினியில் போட்டு, டிசிஐஎம் என்ற ஃபோல்டரைத் திறந்தேன். முன்னூற்றுச் சொச்சம் படங்கள். எங்கள் வீட்டுப் படங்கள் அதில் பாதிகூட இல்லை.

பின் வீட்டுக் காதுகுத்து. மாலை போட்ட புது டிவிஎஸ் 50, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். யாரோ ஒருவரின் மனையில் நான்கு மூலைக் கல்லும் தனித்தனியாக (துபாயில் இருக்கும் தம்பிக்கு அனுப்புவதற்காம்). பிறந்து ஒரு நாளான கன்றுக்குட்டி. வெள்ளைச் சுவர் முன்னால் விறைப்பாக நிற்கும் ஒரு பையன், பரீட்சை விண்ணப்பத்துக்கு. நான் ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். கண் சரியாகத் தெரியாத மனிதர், முகத்தை வைத்து அல்ல, கதவின் நிறத்தை வைத்து, கிணற்றடித் தென்னையை வைத்து, இது இன்னார் வீடு என்று கண்டுபிடித்தார்.

கேட்டவர்களுக்கெல்லாம் கேமராவைக் கொடுப்பார். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் கோபம்தான். அப்பா போட்ட நிபந்தனை இரண்டே இரண்டு: கயிற்றைக் கையில் மாட்டிக்கொண்டு எடுக்க வேண்டும், கார்டில் இருப்பதை அழிக்கக் கூடாது. திரும்பி வரும்போது கேமரா வெறுமனே வராது. எங்கள் பக்கம் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்ப மாட்டார்கள், கேமராவுக்கும் அதே மரியாதை. மஞ்சப்பையில் கேமரா, பக்கத்தில் வாழையிலையில் மடித்த அதிரசமோ முறுக்கோ இருக்கும். தோல் உறையில் இன்னும் எண்ணெய்க் கறை தெரிகிறது.

செல்தான் பெரிய பிரச்சினை. பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண செல்லைப் போட்டால் நாலு படம் எடுப்பதற்குள் 'சேஞ்ச் தி பேட்டரீஸ்' என்று எழுத்து வந்து கேமரா அணைந்துவிடும். அதே செல்லைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் ஆறு மாதம் ஓடும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தோம். அப்படியல்ல. லென்ஸை நீட்டவும் பிளாஷுக்கு மின்சாரம் ஏற்றவும் கேமரா ஒரே நேரத்தில் நிறைய கேட்கும். சாதாரண கார்பன் செல்லால் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க முடியும். அல்கலைன் செல்லோ சார்ஜ் செய்யும் செல்லோதான் தாங்கும். அப்பா சார்ஜர் ஒன்றும் நாலு செல்லும் வாங்கி, விசேஷத்துக்கு முதல் நாள் ராத்திரியே சொருகிவைப்பார். தெருவில் எந்த வீட்டில் விசேஷம் என்பதை எங்கள் வீட்டு சார்ஜரின் சிவப்பு விளக்கைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

படங்களுக்கு நடுவில் ஓரிடத்தில் அப்பா "நிறுத்து" என்றார்.

எதிர்வீட்டு ஆயா இறந்தது 2009 மார்கழியில். மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. டிக்கெட் போட்டு வருவதற்குள் எடுத்துவிடுவார்கள். விடியற்காலை நாலு மணிக்கு அந்த வீட்டு மருமகள் கதவைத் தட்டி, "அண்ணே, கேமராவை எடுத்துக்கிட்டு வாங்க" என்று அழுதார். அப்பா போனார், ஆனால் உடனே எடுக்கவில்லை. இறந்தவர் முகத்தில் பிளாஷ் அடிக்க மனசு வரவில்லை, விடியட்டும் என்று வாசலில் உட்கார்ந்திருந்தாராம். வெளிச்சம் குறைந்தால் கை அசைவு படத்தில் விழும் என்பதால், அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் கேமராவை வைத்து ஏழு படம் எடுத்தார். எல்லாமே புள்ளி புள்ளியாக, நீலம் பாய்ந்து இருக்கின்றன.

மகன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தார். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த ஏழையும் பார்த்தார். பிறகு அவராகவே அம்புக்குறியை அழுத்தி முன்னால் இருந்த படங்களுக்குப் போனார். பின் வீட்டுக் காதுகுத்து வந்தது. யார் எடுத்ததோ தெரியாது. பந்தியில் வேறு யாரையோ எடுக்கப்போய், ஓரத்தில் ஆயா யார் வீட்டுக் குழந்தையையோ மடியில் வைத்துக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கிறார், மூக்குத்தி மின்னுகிறது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதை மட்டும் பிரிண்ட் போட்டுக் கொடுங்கண்ணே" என்றார். ஸ்டூடியோவில் மேக்ஸி சைஸில் போட்டோம். இன்றைக்கும் அந்த வீட்டுச் சுவரில் மாலையோடு இருப்பது அந்தப் படத்திலிருந்து வெட்டி எடுத்த முகம்தான்.

இப்போது எனக்கு இருக்கும் ஏக்கம் அந்தக் கேமராவின் மேல் மட்டுமில்லை, அந்தக் கார்டின் மேலும்தான். இன்று அதே காதுகுத்தில் ஐம்பது போன் இருக்கும், ஐந்நூறு படம் இருக்கும். ஓரத்தில் சிரிக்கும் ஆயா யாரோ ஒருவர் போனில் கிடப்பார். மகனுக்கு அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. ஒரு தெருவின் படங்களெல்லாம் வரிசையாக ஒரே கார்டில் விழுந்ததால்தான் அவர் விரல் அங்கே போய் நின்றது.

எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறாக நடந்த கதையும் உண்டு. 1991-இல் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு போலராய்டு கொண்டுவந்தார். அழுத்தினால் முன்பக்கம் வெள்ளைச் சட்டத்தோடு படம் வந்து விழும். சட்டத்தின் அடிப்பட்டை மட்டும் ஏன் அகலம் என்பதைப் பிறகுதான் படித்தேன்: படத்தைத் துலக்கும் ரசாயனப் பசை அந்த ஓரத்துப் பொதியில் இருக்கிறது, வெளியே வரும்போது இரண்டு உருளைகள் அதை நசுக்கிப் படம் முழுக்கப் பரப்புகின்றன. எல்லாரும் படத்தை விசிறி மாதிரி ஆட்டினார்கள். பெரியப்பா பிடுங்கி, வேட்டி மடிப்பில் மூடிவைத்தார். ஆட்டத் தேவையே இல்லை. பிரித்தெடுத்துக் காயவைக்கும் பழைய வகைப் படத்தோடு வந்த பழக்கம் அது.

1943-இல், போலராய்டைக் கண்டுபிடித்த எட்வின் லேண்டின் மூன்று வயது மகள், எடுத்த படத்தை ஏன் இப்பவே பார்க்க முடியாது என்று கேட்டாளாம். அந்தக் கேள்வியில் பிறந்த கேமரா 1948-இல் பாஸ்டனில் விற்பனைக்கு வந்தது. எங்கள் அப்பாயி அப்படிக் கேட்கவில்லை. "இன்னொண்ணு போட முடியாதா?" என்றுதான் கேட்டார். முடியாது. நெகட்டிவ் கிடையாது. ஒரு படம் என்றால் ஒன்றுதான்.

பெட்டிக்குப் பத்து, இரண்டு பெட்டி, மொத்தம் இருபது படம். ஊரில் அந்த பிலிம் கிடைக்காது. பெரியப்பா பால்காரம்மாவை எடுத்தார், அவருக்கே கொடுத்தார். தையல்காரர், கோயில் பூசாரி, என் ஒன்றாம் வகுப்பு டீச்சர், எல்லாரும் அவரவர் படத்தோடு போனார்கள். தீர்ந்துபோன பெட்டிக்குள் தட்டையாக ஒரு 6 வோல்ட் பேட்டரி இருக்கும்; அதில் இன்னும் உயிர் இருந்தது. அண்ணன் அதை வைத்துப் பழைய டேப்ரிக்கார்டர் மோட்டாரை ஒரு வாரம் ஓட்டினான். எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு படம்: முறத்தோடு உட்கார்ந்திருக்கும் அப்பாயி. வெள்ளைச் சட்டம் பழுப்பாகிவிட்டது, அவர் சேலையின் பச்சை மட்டும் அப்படியே இருக்கிறது. மற்ற பத்தொன்பதும் யார் யார் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றனவோ. கல்யாண மண்டபங்களில் இன்ஸ்டாக்ஸ் என்ற உடனடிப் படக் கேமராவில் எடுத்துக் கையில் கொடுக்கும்போதெல்லாம் எனக்குப் பால்காரம்மாதான் நினைவுக்கு வருகிறார். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

மூன்று நாள் உட்கார்ந்து கார்டைப் பிரித்தேன். வீட்டுக்கு ஒரு கவர். மனைக்கல், கன்றுக்குட்டி எல்லாமே பிரிண்ட் போட்டாயிற்று. விறைப்பாக நின்ற பையன் இப்போது கோயம்புத்தூரில் பொறியாளர். அவன் அம்மாவிடம் கொடுத்தேன்.

காதுகுத்துக் கவரைக் கொடுக்கப் போனபோது, அன்றைக்குக் காது குத்திக்கொண்டு அழுத அதே பெண் கதவைத் திறந்தாள். காலேஜ் கடைசி வருஷம். கவரைவிடக் கேமராவைத்தான் ஆசையாகப் பார்த்தாள். அவள் தோழிகள் பழைய டிஜிட்டல் கேமரா தேடிச் சென்னை ரிச்சி தெரு வரை போகிறார்களாம். "போன்ல எடுத்தா எல்லா மூஞ்சியும் வழவழன்னு ஒரே மாதிரி வருது அத்தை. இதுல எடுத்தா நாங்க மாதிரியே இருக்கோம்" என்றாள். சரியாகத்தான் சொல்கிறாள். போன் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி மெழுகிக் கொடுக்கிறது. இது அந்த ஒரு நொடியை, நேருக்கு நேர் பிளாஷில், முகம் வெளுத்துப் பின்னால் இருட்டோடு, அப்படியே எடுத்துக்கொள்கிறது.

வெள்ளிக்கிழமை அவள் காலேஜில் பிரிவு விழா. "ரெண்டு நாளைக்குத் தர்றீங்களா?" என்று கேட்டாள். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து, "சார்ஜர் அந்த இழுப்பறைல இருக்கும் பாரு" என்றார். சொருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"கயித்தைக் கையில மாட்டிக்கச் சொல்லு. கார்டுல இருக்கறதை அழிக்க வேணாம்னு சொல்லு."