விதி என்ற சொல்லை யார் சொல்வது

என் தந்தை இறந்த அன்று மாலை, என் தாய் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: "காலையிலேயே நெஞ்சு கனக்கிறது என்றார், கொஞ்ச நேரம் படுத்திருங்கள், சரியாகிவிடும் என்று நான்தான் சொன்னேன்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, இறந்தவரின் கூடப்பிறந்த அக்காள், என் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் விதி அவ்வளவுதான், நீ என்னம்மா செய்வாய்" என்றார். விதி என்ற சொல்லை அதுவரை சிந்திக்க மறுப்பவர்களின் சொல்லாகவே நான் எண்ணிவந்தேன். என் தாயைக் குறைசொல்ல யாருக்கேனும் உரிமை இருந்ததென்றால் அது தம்பியைப் பறிகொடுத்த அந்த அத்தைக்குத்தான் இருந்தது. அவரோ அந்த ஒரு சொல்லால் என் தாயின் மேலிருந்த பாரத்தை இறக்கிவைத்துவிட்டார்.

பிறகு கம்பனின் அயோத்தியா காண்டத்தைப் படித்தபோது அதே செயலை அங்கும் கண்டேன். அரசுரிமை பறிபோனதைக் கேட்டுக் கொதித்து நிற்கும் இலக்குவனிடம், "நதியின் பிழையன்று நறும்புனல் இன்மை" என்று தொடங்கும் இராமன், தந்தையின் பிழையும் அன்று, நம்மை வளர்த்தவளின் மதியின் பிழையும் அன்று, அவள் மகனின் பிழையும் அன்று என்று ஒவ்வொருவராக விடுவித்துவிட்டு, கடைசியில் விதியின் பிழை என்று முடிக்கிறான். இழந்தவன் சொல்வதால்தான் அந்தச் சொல்லுக்கு அத்தனை அழகு. அதே பாட்டைக் கைகேயியின் வாயில் வைத்துப் பாருங்கள். ஒரு சொல்கூட மாறாமலேயே அது கேட்கச் சகிக்காததாகிவிடும்.

இதை நான் வாழ்க்கையிலும் கேட்டிருக்கிறேன். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து ஒருவர் இறந்தார். இடுப்பில் கட்டப் பாதுகாப்புக் கயிறு தரப்படவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வேலையை எடுத்து நடத்தியவர் துக்கம் விசாரிக்க வந்து, "என்ன செய்வது, விதி" என்றார். இறந்தவரின் மனைவி அதைச் சொல்லியிருந்தால் நான் தலை குனிந்து கேட்டிருப்பேன். அவர் சொன்னபோது, சாவைவிட அந்தச் சொல்தான் என்னைச் சினங்கொள்ள வைத்தது. வடமொழியிலிருந்து நாம் பெற்ற இந்தச் சொல்லுக்கு ஒழுங்குமுறை என்ற பொருளும் உண்டு. அதனால்தான் போக்குவரத்து விதி என்றும், நியூட்டனின் இயக்க விதிகள் என்றும் சொல்கிறோம். ஒரு விதியை மீறியவர் இன்னொரு விதியின் பின்னால் போய் ஒளிந்துகொள்வதற்கு நம் மொழியே இடங்கொடுத்துவிடுவதை நினைத்து நான் வருந்துவதுண்டு.

நம்முடைய பழைய சொல் ஊழ். குறளின் 38ஆவது அதிகாரத்துக்கும் அதுவே தலைப்பு. ஆகும் ஊழை ஆகூழ் என்றும், போகும் ஊழைப் போகூழ் என்றும் 371ஆவது குறள் பிரித்துச் சொல்கிறது. 650ஆவது குறளில் "இணரூழ்த்தும் நாறா மலர்" என்று வரும்போது, ஊழ்த்தல் என்பது பூ மலர்வதைக் குறிக்கிறது. உரிய பருவத்தில் தானே விரிவது என்ற சாயல் ஊழில் இருக்கிறது. எங்கோ எவரோ எழுதிவைத்துவிட்டார் என்ற தலையெழுத்தின் கடுமை அதில் இல்லை. அதிர்ஷ்டம் என்ற சொல்லின் கதை வேறு: காணப்படாதது என்ற மூலப்பொருளை உதறிவிட்டு, தமிழில் அது நன்மையை மட்டும் வைத்துக்கொண்டது.

இந்தச் சொற்களெல்லாம் பெரும்பாலும் முடிந்துபோனதைத் திரும்பிப் பார்த்துச் சொல்லப்படுபவை. இனி நடக்கவிருப்பதைச் சொல்ல நமக்கு வேறு கருவிகள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று மாற்றாகாதவை. "மழை பெய்யும் போலிருக்கிறது" என்பவர் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். "மழை பெய்யலாம்" என்பவர் பார்க்காமலும் சொல்லலாம். "பெய்யக்கூடும்" என்பதற்கு எதிர்மறை தேடினால் "பெய்யக்கூடாது" என்று வந்து நிற்கும். ஆனால் அது நிகழாமற்போவதைச் சொல்வதில்லை, மழைக்குத் தடை போடுகிறது. எனவே "பெய்யாமல் போகக்கூடும்" என்று சுற்றிவளைத்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பாடநூலில் நிகழ்தகவு இருக்கிறது. பகடையில் ஆறு விழுவதற்கு ஆறில் ஒன்று என்று கணக்குப் போடுவதற்கு அது பொருத்தமான சொல்தான், ஆனால் வீட்டுப் பேச்சில் எவரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. அந்த இடத்தை வாய்ப்பு பிடித்துக்கொண்டது. வாய்த்தல் என்றால் நன்றாக அமைதல். "உயிரிழக்க வாய்ப்புள்ளது" என்று செய்திகளில் படிக்கும்போதெல்லாம், சாவை ஒரு நற்பேறாக நீட்டுவது போல எனக்கு உறுத்துகிறது. அந்த இடத்தில் "அபாயம்" என்றோ "நேரக்கூடும்" என்றோ எழுதுவதில் என்ன சிரமம் என்று தெரியவில்லை.

அத்தை இறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஒருநாள் என் தாய் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் என்னிடம் கேட்டார்: "காலையிலேயே கூட்டிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாரா?" உண்மையான விடை எனக்குத் தெரியும்: பிழைத்திருக்கலாம். "லாம்" என்ற ஒற்றை விகுதியில் மருத்துவர்கள் சொன்னது எல்லாமே அடங்கிவிடும். அதில் தவறும் இல்லை. அந்த விகுதி வாய்வரைக்கும் வந்தது. இறந்தவர் என் தந்தை. எனவே அத்தைக்கு இருந்த உரிமை எனக்கும் இருந்தது. "அப்பா விதி அவ்வளவுதாம்மா" என்றேன்.