பத்து மாச அட்வான்ஸும் பூஜ்யமாகிற அணிக்கோவையும்

பெங்களூரு வாடகைத் தரவு: வாடகை, அட்வான்ஸ், சதுர அடி, மெயின்டனன்ஸ் என நான்கு பத்திகள். இதன் கோவேரியன்ஸ் அணிக்கு (எந்த இரண்டு பத்திகள் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண் கட்டம்) 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளில் அணிக்கோவை (டிடெர்மினன்ட்; ஒரு பத்தி மற்றவற்றிலிருந்தே கிடைத்துவிட்டால் பூஜ்யமாகும் எண்) எடுப்பது பார்வைக்கு ஒரு வரி வேலை. 'கோவ்' (cov) கட்டளை போட்டு, வருவதை 'டெட்' (det) கையில் கொடுத்தால் முடிந்தது. நடப்பது வேறு.

ஏரியா பெயர் உள்ள எழுத்துப் பத்தியை முதலில் நீக்குங்கள். மெயின்டனன்ஸ் சில வீடுகளுக்குக் காலியாக இருக்கும், அதனால் விடையும் காலி. இருக்கிறதை வைத்து ஜோடி ஜோடியாகக் கணக்கிடச் சொன்னால் ஒவ்வொரு கட்டமும் வேறு வேறு வீடுகளிலிருந்து வரும். அணிக்கோவை மைனஸில் போகக்கூடும். உண்மையான கோவேரியன்ஸ் அணியின் அணிக்கோவைக்கு மைனஸ் வரவே கூடாது. எல்லாப் பத்தியும் நிரம்பிய வரிகளை மட்டும் எடுப்பதே நல்லது.

அடுத்தது அட்வான்ஸ். எல்லா ஓனரும் பத்து மாத வாடகை கேட்டிருந்தால் அந்தப் பத்தி வாடகையின் 10 மடங்கு, அவ்வளவுதான். விடை பூஜ்யமாக வேண்டும். ஆனால் திரையில் பல இலக்க எண் நிற்கலாம். வாடகையின் திட்ட விலக்கம் 8,000 ரூபாய் என்றால் அதன் வர்க்கமான வேரியன்ஸ் 6.4 கோடி, தசமக் கடைசியில் மிஞ்சும் தூசியை இத்தனை பெரிய எண்கள் பெருக்கிவிடுகின்றன. ஒரே ஒரு பத்தியை ஆயிரம் ரூபாய்க் கணக்குக்கு மாற்றினாலே அணிக்கோவை 10 லட்சம் மடங்கு சுருங்கும். ஆகவே அந்த எண்ணின் பருமனை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

கோரிலேஷன் அணியாக (எல்லா எண்ணும் மைனஸ் 1 முதல் 1 வரைக்குள் வரும் வடிவம்) மாற்றி 'கியூஆர்' (qr) கட்டளையை ஓட்டுவதுதான் வழி. ரேங்க், அதாவது ஒன்றையொன்று சாராத பத்திகளின் எண்ணிக்கை, 4க்குப் பதில் 3 என்று வரும். பத்திகளை அது மாற்றி அடுக்கிய பிவட் வரிசையை 1, 3, 4, 2 என்று காட்டும். கடைசிக்குத் தள்ளப்பட்ட 2தான் அட்வான்ஸ். அதைத் தூக்குங்கள்.

பொய்ப் பூஜ்யமும் உண்டு. மூலைவிட்டத்தில் 0.1 மட்டும் உள்ள 400 பத்தி அணிக்கு உண்மை விடை 10-இன் மைனஸ் 400ஆம் அடுக்கு. கணினி தாங்குவது மைனஸ் 324 வரைதான், அதனால் 'டெட்' 0 என்கிறது. அணியில் கோளாறே இல்லை. 'டிடெர்மினன்ட்' (determinant) கட்டளை அணிக்கோவையின் மடக்கையையும் (லாக்) குறியையும் தனித்தனியே தரும்: மைனஸ் 921.03, குறி 1. லைக்லிஹுட் (மாதிரி தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) கணக்குக்கு வேண்டியதும் அந்த மடக்கைதானே, பிறகு எதற்கு 'டெட்'?

கோவேரியன்ஸ் என்று உறுதியானால் அணியை முக்கோண அணியாகப் பிரிக்கும் 'சோல்' (chol) இன்னும் வேகம்: அந்த முக்கோண அணியின் மூலைவிட்ட எண்களின் மடக்கைகளைக் கூட்டி இரண்டால் பெருக்குங்கள். அணி சரியில்லை என்றால் எத்தனையாவது பத்தியில் முறிந்தது என்று பிழைச்செய்தியிலேயே சொல்லிவிடும். மயிரிழையில் தப்பும் அணியைச் சில நேரம் விட்டும்விடும், அதனால் 'கியூஆர்' ரேங்கை முதலில் பாருங்கள்.