பெயின்ட் கடைசியில்: அப்பாவோடு மொரிஸ் மைனர் பார்ப்பவர்களுக்கு

கொழும்பில் ஒரு பழைய மொரிஸ் மைனர் காரை அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து எழுப்பப் போகிறார்கள் என்றால், முதல் சண்டை நிறத்தில்தான் தொடங்கும். அந்தப் பேச்சைச் சில மாதம் தள்ளி வையுங்கள். ஸ்டியரிங், பிரேக், அடித்தகடு, வயர், எஞ்சின், அதற்குப் பிறகுதான் பெயின்ட். இந்த வரிசையைத் தலைகீழாக்கிய கார்கள்தான் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் கவர் போட்டு நிற்கின்றன. பளபளப்புக்குக் குறைவில்லை, காலி வீதியில் ஏற்றத்தான் பயம்.

முதலில் கையில் இருப்பது எந்த மைனர் என்று பாருங்கள். மைனர் 1000 என்ற பெயரோடு 1956இல் வந்தது 948 சிசி எஞ்சின். 1962இல் அது 1098 சிசி ஆனது. அதோடு கிளட்ச் தட்டு ஆறேகால் அங்குலத்திலிருந்து ஏழேகாலுக்குப் போனது, முன் பிரேக் டிரம்மும் 7 அங்குலத்திலிருந்து 8 ஆனது. எஞ்சின் இலக்கம் 9 என்று தொடங்கினால் 948, 10 என்று தொடங்கினால் 1098. ஐம்பது அறுபது வருடத்தில் எத்தனையோ கை மாறிய வண்டிகள் இவை. 948 காரில் 1098 எஞ்சின் இருக்கும், பிரேக் மட்டும் பழையதாகவே இருக்கும். இதைப் பார்க்காமல், வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனால் ஒரே சாமானை இரண்டு தரம் வாங்க வேண்டி வரும். பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸி இலக்கம், எஞ்சின் இலக்கம், நிறம் மூன்றையும் வண்டியோடு ஒப்பிட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிழை இருந்தால், காசு இறைப்பதற்கு முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்த வழி பாருங்கள்.

அடுத்தது ஸ்பனர். இந்த வண்டியில் பெரும்பாலும் அங்குல அளவுதான். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர். வீட்டிலிருக்கும் 13ஆம் நம்பர் ஸ்பனர் பொருந்துவது போலத்தான் இருக்கும். துருப்பிடித்த நட்டில் அந்த 0.3 மில்லிமீற்றர் இடைவெளி போதும், மூலை உருண்டுவிடும். 7/16, 1/2, 9/16 மூன்றும் ரிங் ஸ்பனராக வாங்கினால் பாதி வேலை ஓடும். பல வீடுகளில் அப்பாவின் பழைய தகரப் பெட்டிக்குள் அவை ஏற்கெனவே கிடக்கும், முதலில் அங்கே தேடுங்கள்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன்தான் மைனரின் மிக ஆபத்தான இடம். சக்கரம் திரும்பும் செங்குத்துத் தண்டின் இரு முனையிலும் புரி வெட்டியிருக்கும், அந்தப் புரி மேலும் கீழும் உள்ள ட்ரனியனுக்குள் திருகி நிற்கும். கிறீஸ் போகாவிட்டால் கீழ்ப் புரி தேய்ந்து, ஒரு நாள் கழன்று விடும். சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து, வண்டி மூக்குக் குத்தி நிற்கும். பெரும்பாலும் ஒழுங்கைக்குள் மெதுவாக ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதுதான் நடக்கும். வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பார்க்கும் முறை இது. சக்கரத்தை ஜக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒருவர் டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்ட வேண்டும், மற்றவர் டோர்ச் அடித்துக் கீழ் ட்ரனியனைப் பார்க்க வேண்டும். புரிக்குள் ஆட்டம் தெரிந்தால் தண்டையும் ட்ரனியனையும் சேர்த்தே மாற்றுங்கள். இடப்பக்கத்துச் சாமான் வலப்பக்கத்துக்கு ஆகாது. கிறீஸ் அடிப்பதும் சக்கரம் தொங்கும்போதுதான். வண்டியின் பாரம் டயரில் இருக்கும்போது பம்ப் பண்ணினால் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது, வெளியே வழிவதைப் பார்த்துப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். பழைய கறுப்புக் கிறீஸ் வெளியேறி, புதிய நிறம் தெரியும்வரை அடியுங்கள். ஆயிரம் மைலுக்கு ஒரு தரம். இதை அப்பாவின் பொறுப்பில் விடுவது நல்லது, கிறீஸ் கன் பிடித்த தலைமுறைக்கு மறக்காது. ஆனால் வண்டிக்கு அடியில் படுக்கும் வேலையை அவருக்குக் கொடுக்காதீர்கள். ஜக்கை மட்டும் நம்பி நீங்களும் படுக்காதீர்கள்.

பிரேக். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சேஸி உறுப்புக்குள் ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கினால்தான் ஒயில் ஊற்றும் மூடி தெரியும். கண்ணில் படாததால் ஒழுக்கும் படாது. ஒழுகிய பிரேக் ஒயில் பெயின்ட்டை உரித்துவிட்டு, அதே இடத்தில் துருவுக்கும் வழி விடும். அதைக் கழற்றப் போனால் போல்ட்டுக்குக் குறுக்கே டோர்ஷன் பார் நிற்கும். வண்டியின் முன்பாரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி அது, முறுக்கை இறக்காமல் தொட்டால் கை போகும். இந்த ஒரு வேலைக்கு அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் வெட்கமில்லை.

பிரேக் குழாய்க்குள் நிற்கும் காற்றை எடுப்பது மட்டும் இரண்டு பேருக்கென்றே படைத்த வேலை. முதலில் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் ஷூவை டிரம்மில் உரசும் அளவுக்குக் கூட்டி வையுங்கள், இதைச் செய்யாததால்தான் எத்தனை தரம் காற்று எடுத்தும் மிதி பஞ்சு போல அமுங்குகிறது. முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர், இரண்டு அட்ஜஸ்டர். ஒன்றை மட்டும் கூட்டிவிட்டு எழும்பிவிடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான பின் இடப்பக்கச் சக்கரத்தில் தொடங்கி, கிட்ட வாருங்கள். சக்கரத்தில் காற்று வெளியேறும் திருகான நிப்பிளில் ரியூப்பை மாட்டி, மறுமுனையைப் பிரேக் ஒயில் உள்ள ஜாம் போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். அப்பா சீற்றில், பிள்ளை சக்கரத்தடியில்.

“அமத்துங்கோ அப்பா.”

“அமத்திப் பிடிச்சிருக்கிறன்.”

நிப்பிள் அரைச் சுற்றுத் திறக்கும், மிதி கீழே போகும், போத்தலில் குமிழி வரும், நிப்பிள் மூடும். “விடுங்கோ” என்ற பிறகுதான் கால் மேலே வரலாம். மூடுவதற்கு முன் கால் எழுந்தால் வந்த காற்று அப்படியே உள்ளே திரும்பிப் போகும். ஐந்தாறு மிதிக்கு ஒரு தரம் காலடி மூடியைத் திறந்து ஒயில் மட்டம் பாருங்கள். வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொழும்பின் ஈரக் காற்றைச் சாதாரண பிரேக் ஒயில் குடித்துவிடும், அதனால் வருடத்துக்கு ஒரு தரம் முழுதாக மாற்றுவது நல்லது.

இனித் தகடு. மைனருக்குத் தனிச் சேஸி இல்லை, பொடியேதான் எலும்பு. கதவுக்குக் கீழுள்ள சில், ஜக் வைக்கும் இடம், நடுக் குறுக்குச் சட்டம், பின் வில்லின் முன் முனை பிடிக்கும் இடம் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சாதாரணக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டு நெடுக இழுத்தால், பட்டி நிரப்பிய இடத்தில் பிடி விட்டுப்போகும். கடற்கரையோரம் நின்ற வண்டியென்றால் காந்தம் ஒட்டுகிற இடத்தைக் கண்டுபிடிப்பதே சந்தோஷமாக இருக்கும்.

சில் வெட்டும்போது கதவைக் கழற்றச் சொல்லும் டிங்கரை நம்பாதீர்கள். கதவு தொங்கியபடியே இருக்க வேண்டும், கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புக் குழாயையும் தற்காலிகமாக ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். இல்லாவிட்டால் பொடி நடுவில் தொய்ந்து, கதவு பிறகு பூட்டவே பூட்டாது. வெளித்தகட்டுக்கு 1.2 மில்லிமீற்றர், பாரம் தாங்கும் இடத்துக்கு 1.6. காஸ் வெல்டிங் அகலத் தகட்டை நெளிய வைக்கும், அதனால் மிக் வெல்டிங் உள்ள இடத்தைத் தேடுங்கள். தகடு எல்லாம் இங்கிலாந்திலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. மைனர் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான வரலாறும் உண்டு, விசாரித்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் உள்ளறைகளுக்குள் மெழுகு அடியுங்கள். நம் ஊர் வழக்கப்படி கழிவு ஒயிலை அடித்தால் வில்லின் றப்பர் புஷ் ஊறிப்போகும்.

மொடிஃபிகேஷன் பேச்சு பெரும்பாலும் மின்சாரத்தில் சூடு பிடிக்கும். இந்தக் காரில் பற்றரியின் பிளஸ்தான் பொடியில் பூட்டியிருக்கும். அப்பா அப்படியே இருக்கட்டும் என்பார். பிள்ளைக்கு ஃபோன் சார்ஜர் வேண்டும், அதற்கு மைனஸ் பொடியில் இருக்க வேண்டும். திருப்புவது கஷ்டமில்லை. பற்றரியைத் திருப்பி வைத்து, கிளாம்ப்பை மாற்றுங்கள் (பிளஸ் முனை சற்றுத் தடிப்பு, பழைய கிளாம்ப் பொருந்தாது). கொயிலின் இரண்டு சிறு வயர்களை இடம் மாற்றுங்கள். டைனமோவின் எஃப் முனையிலுள்ள வயரைக் கழற்றி, பற்றரியின் பிளஸிலிருந்து ஒரு வயரால் அந்த முனையை மூன்று நான்கு தரம் ஒரு நொடி தொட்டெடுங்கள். சிறு பொறி வரும், அதுதான் டைனமோவுக்குப் புதிய திசையைச் சொல்லிக் கொடுப்பது. இதை மறந்தால் சார்ஜ் தலைகீழாக ஓடும். பெற்றோல் பம்ப் பழைய பொயின்ட் வகையா, இலத்திரனியல் வகையா என்றும் பாருங்கள். இரண்டாவது வகை திசை மாறினால் எரிந்துவிடும்.

டைனமோ தருவது 22 அம்பியர். அதற்குப் பதிலாக ஜப்பான் காரின் சிறிய ஓல்டர்னேற்றரைப் பூட்டினால் 40க்கு மேல் தரும், பிராக்கெட்டை லேத்தில் செய்யலாம். ஆனால் பழைய வயரின் தடிப்பு அந்த ஓட்டத்துக்குப் போதாது, 6 சதுர மில்லிமீற்றர் வயர் புதிதாக இழுக்க வேண்டும். பெல்ட் மூன்று கப்பியிலும் ஒரே கோட்டில் ஓடுகிறதா என்று நேர்மட்டம் வைத்துப் பாருங்கள். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு ரிலே, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபியூஸ் போடுங்கள். எந்த மாற்றத்தையும்விட இது முதலில்.

எஞ்சினுக்கு வந்தால், தண்ணீர் பம்புக்கும் ஹெட்டுக்கும் இடையில் விரல் நீள பைபாஸ் ஹோஸ் ஒன்று உண்டு. சில ரூபாய்ச் சாமான்தான், வெடித்தால் மருதானைச் சந்தியில் ஆவி பறக்க நிற்க வேண்டியதுதான். ஹெட்டைக் கழற்றினால் அதையும் கட்டாயம் மாற்றுங்கள். ஈயம் கலந்த பெற்றோல் இப்போது இல்லை, அதனால் ஹெட் வேலை பார்க்கும்போதே எக்ஸோஸ்ட் வால்வுக்குக் கெட்டியான சீற் போடச் சொல்லுங்கள். சூட்டுக்குப் பயந்து தெர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது வேண்டாம், ரேடியேற்றரைத் திறந்து கழுவுங்கள்.

வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம், 0.30 மில்லிமீற்றர். எட்டு வால்வு, ஒன்பது என்ற கணக்கு: எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதை வையுங்கள், ஏழாவது திறந்தால் இரண்டாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒருவர் முன்னால் ஹாண்டிலால் சுற்ற, மற்றவர் இடைவெளி அளக்கும் தகட்டை விட்டுப் பார்க்கலாம். ஹாண்டிலில் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வையுங்கள், பிளக்கோடு சுற்றும் நாளில் அது திருப்பி அடித்தால் பெருவிரல் முறியும். எஸ்யூ கார்புரேற்றருக்குக் கருவியைவிடக் காது நல்லது. எஞ்சின் ஓடும்போது கார்புரேற்றருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்குங்கள். சத்தம் கணம் கூடி அடங்கினால் சரி. கூடியபடியே நின்றால் பெற்றோல் அதிகம், எஞ்சின் தடுமாறினால் குறைவு. அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும்.

ஜப்பான் எஞ்சினும் ஐந்து கியரும் போடுவது எல்லாக் கராஜிலும் வரும் யோசனை. ஓட நன்றாகத்தான் இருக்கும். அதற்காக உள்தகட்டை வெட்ட வேண்டும், புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் மாற வேண்டும், பிரேக் மட்டும் பழையதாகவே இருக்கும். அதைவிட, 948இன் 4.55 விகித டிஃபரென்ஷலை எம்ஜி மிஜெட் ஸ்போர்ட்ஸ் காரின் 3.9ஆக மாற்றினால் சந்தடியில்லாமல் அதிவேக வீதியின் வேகத்தை நெருங்கலாம், வேண்டாமென்றால் பழையதைத் திருப்பிப் பூட்டலாம். வெட்டாமல் செய்யக்கூடிய மாற்றம் மட்டும்தான் வீட்டு முற்றத்துக்கு.

இப்போது நிறம். கொழும்பில் ஜனவரி, பெப்ரவரி சரி. மழை ஈரத்தில் செலுலோஸ் பெயின்ட் அடித்தால் வெண்புகை போலப் படியும், பிறகு தேய்த்து எடுக்க வேண்டியதுதான். புத்தகத்திலுள்ள நிறத்தையே தேர்ந்தால் திணைக்களத்துக்கு இன்னொரு நடை மிச்சம். ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத்தகட்டைத் தேய்க்க, பெயின்ட் அடிக்கும் பையன் கையில் எமரித் தாள் கொடுத்துவிடாதீர்கள், முதல் நாளே கழற்றித் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வையுங்கள்.