செயின்ட் ஆன் மலையில் இல்லாத ஒரு நிலை

இயேசு சிலுவை சுமந்து இறந்த வழியை நிலை நிலையாக நின்று ஜெபிக்கும் வழக்கமான சிலுவைப்பாதையில், அவரைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாசு கிடையாது. பதினான்கு நிலைகளும் உரோமை ஆளுநர் பிலாத்துவின் தீர்ப்பில்தான் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய இரவு, கூடவே இருந்தவன் முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்தது அதில் வராது. 1991 பெரிய வெள்ளியன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமையில் நடத்திய விவிலியச் சிலுவைப்பாதையில் அது இரண்டாம் நிலையாக இருந்தது. நம் ஊரில் பெரும்பாலும் பழைய முறைதான். மலேசியாவில் பினாங்கு மாநிலத்திலுள்ள புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் கோவிலுக்கு நான் போனபோது எனக்கு வேண்டியிருந்ததோ அந்த விடுபட்ட நிலை.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணச் சமையல் தொழிலில் என்னோடு கூட்டாளியாக இருந்தவன், என் மூத்த மகனுக்கு ஞானத்தந்தை, அவன் திருமுழுக்கில் (ஞானஸ்நானத்தில்) பொறுப்பேற்று நின்றவன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ஒருநாள் வாடிக்கையாளர்களை அழைத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டான். பாத்திரம் வாங்கிய கடன் மட்டும் என் பெயரில் நின்றது. “என் உணவை உண்டவனே” என்று 41ஆம் திருப்பாடல் புலம்பும்போது, எழுதியவருக்கும் இப்படி ஒரு ஞாயிறு மதியம் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

ஜார்ஜ் டவுனிலிருந்து பெர்ரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து கொமுட்டர் ரயில், கடைசியில் கிராப் டாக்சி. ஜூலை 26 திருவிழாவுக்கு லட்சம் பேருக்கு மேல் வருவார்கள். இந்து அன்பர்களும் நேர்த்திக்கடனோடு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அந்த நெரிசலில் எனக்கு ஜெபம் வராது, அதனால் சாதாரண வாரநாளில் போனேன். 2002இல் கட்டிய புதிய கோவில் மினாங்கபாவ் பாணியில், கொம்புபோல் வளைந்த கூரையோடு பிரமாண்டமாக நிற்கிறது. 2019இல் பசிலிக்கா என்ற, உரோமை தரும் சிறப்புத் தகுதியும் கிடைத்தது. எனக்கு என்னவோ 1888இல் கட்டிய பழைய கோவில்தான் பிடிக்கும். வளாகத்துக்குள்ளேயே செரோக் தோக்குன் கல்வெட்டுப் பாறை இருக்கிறது, பல்லவ எழுத்து. மரியாவின் தாய் அன்னம்மாளை (செயின்ட் ஆன்) பார்க்கப் போகிற தமிழர்கள் அதையும் பார்த்துவிட்டு வரலாம்.

அப்புறம் சிலுவைப்பாதை. முதல் நிலைக்கு முன்னால் நின்று யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியபோது யூதாசு இன்னும் எழுந்து போகவில்லை. யார் காட்டிக்கொடுப்பான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே அந்தக் கால்களையும் கழுவினார், அப்பத்தையும் தோய்த்துக் கொடுத்தார். மத்தேயுவில் முத்தம் வாங்கிய பிறகும் அவனைத் “தோழா” என்றே கூப்பிடுகிறார். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த இடம் எனக்கு ஆறுதலாக இல்லை, கோபம்தான் வந்தது. என்னால் ஆகாத ஒன்றை எதற்காக எழுதி வைத்தார்கள்?

கோபத்தோடே அடுத்த பக்கங்களைப் புரட்டினேன். தோட்டத்தில் பேதுரு வாளை உருவியதும், “தந்தை எனக்குத் தந்த கிண்ணத்தில் நான் குடிக்காமல் இருப்பேனா?” என்ற பொருளில் இயேசு கேட்கிறார். கிண்ணத்தை, அதாவது வரப்போகும் பாடுகளை, அவர் தந்தையின் கையிலிருந்து வாங்குகிறார். யூதாசுக்கு அதில் அவ்வளவு பெரிய பங்கைக் கொடுக்கவே இல்லை. அதே இரவில் ஒரு காவலர் கன்னத்தில் அறைந்தபோது வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. நான் பேசியது சரியென்றால் ஏன் அடிக்கிறீர் என்று நேராகக் கேட்டார்.

கடனுக்காக அவன்மேல் நான் போட்ட கேஸைப் பற்றிச் சபையில் பெரியவர்கள் “விட்டுக்கொடுத்துப் போப்பா, கேஸை வாபஸ் வாங்கு” என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு நெருடியது இதனால்தான். அடித்தவனிடம் ஏன் என்று கேட்பதும் தந்தைக்குப் பணிவதும் ஒரே இரவில் ஒரே ஆளிடம் இருந்தன. கேஸ் நடக்கட்டும், கடன் உண்மைதானே. நான் விட வேண்டியது வேறு. கோவில் வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயர் வரும்போதெல்லாம் ஒரு வரியாவது குத்தலாகப் போடுவது, அவன் சமைத்த கல்யாணத்தில் சாம்பார் புளித்ததாம் என்று கேட்டு மகிழ்வது. நீதியாகத் தீர்ப்பிடுகிறவரிடம் இயேசு தம்மை ஒப்படைத்தார் என்று பேதுருவின் முதல் திருமுகம் சொல்கிறது. நானோ தீர்ப்பையும் கையில் வைத்துக்கொண்டு ஒப்படைப்பதாக ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

பதினான்கு நிலைகளையும் முடிக்கும்போது நல்ல வெயில். ஒவ்வொரு நிலையிலும் அவன் பெயரைச் சொல்லி ஒரு பரலோக மந்திரம் (இயேசு கற்றுத்தந்த ஜெபம்). ஐந்தாவது, ஆறாவது வரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். அதற்கு மேல் கொஞ்சம் சுலபமாக இருந்தது. கீழே இறங்கி ஐஸ் கச்சாங் என்ற சீவிய ஐஸ் இனிப்பைச் சாப்பிட்டேன்.

மகனுக்கு உறுதிபூசுதல், அதாவது திருமுழுக்கை உறுதிப்படுத்தும் சடங்கு, வரப்போகிறது. திருமுழுக்கில் நின்ற ஞானத்தந்தையே அதற்கும் நிற்பது விரும்பத்தக்கது என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. “அங்கிளைக் கூப்பிடலாமாப்பா?” என்று மகன் கேட்டான். கூப்பிடு என்றேன். என் மனைவி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கடனில் பாதியை அவள்தான் நகை விற்றுக் கட்டினாள். நான் அவளை அவசரப்படுத்தப் போவதில்லை.