அப்பாவிடம் கேட்ட 15 கேள்விகள்

அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்றுதான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். செய்தித்தாளைப் பிரிப்பதே இல்லை, யார் வந்தாலும் அறையை விட்டு வருவதில்லை. கேட்டால் "வயசாச்சு, வேற என்ன?" என்பார். டாக்டரோ முதலில் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார். வயதானவர்களுக்கு அது அழுகையாக வராமல், மறதி மாதிரியும் எதிலும் நாட்டமில்லாத மாதிரியும் தெரிவதுண்டாம்.

நர்ஸ் எடுத்து வந்தது ஜிடிஎஸ் என்ற முதியோர் மனச்சோர்வு அளவுகோல். முதலில் 30 கேள்விகள் இருந்ததை 1986-இல் 15 ஆகச் சுருக்கியிருக்கிறார்கள். கடந்த ஒரு வாரத்தை நினைத்து ஆம், இல்லை என்று சொன்னால் போதும். தூக்கம், பசி பற்றி ஒரு கேள்வியும் இல்லையே என்றேன். மூட்டுவலியும் மாத்திரைகளும் சேர்ந்த வயதில் தூக்கம் கெட வேறு காரணங்கள் நிறைய, அதனால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்றார் நர்ஸ். பிஎச்க்யூ-9 என்ற இன்னொரு படிவத்தில் இரண்டும் உண்டு; ஆனால் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை யோசித்துச் சொல்ல வேண்டும். எதைக் கேட்டாலும் "பரவாயில்லை" என்கிற அப்பாவுக்கு ஆம், இல்லைதான் லாயக்கு.

முதல் கேள்வி: வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா? அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு "ஓ, நல்லா இருக்கேன்" என்றார். நர்ஸ் சிரித்துக்கொண்டே என்னை வெளியே உட்காரச் சொன்னார். என்னைக் கேட்டால் மொத்தத்தில் முக்கியமான காரியமே அதுதான். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது எந்த அப்பா "நான் எதற்கும் உதவாதவன்" என்பதற்கு ஆம் சொல்வார்?

அப்பா சம்மதித்த பிறகு தாளைக் காட்டினார்கள். மதிப்பெண் 9. ஐந்தைத் தாண்டினாலே மேற்கொண்டு பார்க்க வேண்டுமாம். உதவாதவன் என்பதற்கு ஆம் சொல்லியிருந்தார்.

அதை வைத்தே நோய் என்று டாக்டர் முடிவு கட்டவில்லை. தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அப்பாவிடம் தனியாக வெகுநேரம் பேசினார். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்டாராம். இந்தப் படிவத்தில் அது கிடையாது. அப்புறம்தான் கவுன்சிலிங்குக்கு அனுப்பினார்.

அடுத்த தடவையும் அதே தாள். "கேள்வியையாவது மாத்தக் கூடாதா?" என்றார் அப்பா. மாற்றினால் முன்பு இருந்ததோடு ஒப்பிட முடியாதே என்றார் நர்ஸ். இந்த முறை சொல்லாமலே நான் எழுந்து வெளியே போனேன்.