பிள்ளை முகத்தைத் திருப்பினால் அந்த ஆட்டம் முடிஞ்சுது

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு வீட்டில் கைப்பிள்ளை இருந்தால், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அது பாயில் கிடப்பது அரிது. அம்மம்மாவிடமிருந்து சித்திக்கு, சித்தியிடமிருந்து வயலால் வந்த அப்பப்பாவுக்கு, இடையில் பள்ளிக்கூடம் விட்டு வந்த தமையனுக்கு என்று கைமாறிக்கொண்டே இருக்கும். எல்லாருக்கும் கொஞ்ச வேணும். பிள்ளைக்கும் அது வேணும். அந்தக் கொஞ்சலை எப்படிச் செய்தால் பிள்ளை சிரிக்கும், எங்கே பிழை வரும், ஏன் வரும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கை. காலபோகத்தில் கார்த்திகை, மார்கழி என்றால் வயலில் மருந்தடிக்கிற காலம். மருந்தடித்தவர் கையை மட்டும் அலம்பிவிட்டுப் பிள்ளையைத் தூக்கக்கூடாது. மருந்து சாரத்திலும் சேட்டிலும் ஊறியிருக்கும், பிள்ளையோ தூக்கியவரின் தோளைத்தான் சப்பும். கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு முழுக்குக் குளித்து, உடுப்பை மாற்றிவிட்டே தூக்க வேணும். அந்த உடுப்பைப் பிள்ளையின் துணிகளோடு சேர்த்துத் தோய்க்கவும் கூடாது. வெற்றிலை போடுகிறவர்களுக்கு வேறு கவனம்: விரல் நுனியில் ஒட்டிய சுண்ணாம்பு பிள்ளையின் கண்ணில் பட்டால் எரித்துவிடும். பட்டுவிட்டால் கசக்காமல் சுத்தத் தண்ணீரைக் குறைந்தது கால் மணித்தியாலம் கண்ணில் ஓடவிட்டு, உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேணும். மருமகள் "மாமா, கையைக் கழுவிப்போட்டு வாங்கோ" என்றால் அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. சொல்லத் தயங்குகிற வீட்டில் கிணற்றடிக்குப் போகிற வழியிலேயே ஒரு சவர்க்காரத்தைத் தொங்கவிடலாம்.

முத்தம் கொடுக்க நல்ல இடம் உள்ளங்கால். அடுத்தது உச்சந்தலை. முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு வாய், மூக்கு, கை மூன்றையும் விட்டுவிடலாம். கை அடுத்த நிமிடம் வாய்க்குள் போகும். உதட்டோரத்தில் நீர்க்கொப்புளம் போட்டிருக்கிறவர் அது காய்ந்து உதிரும்வரை கொஞ்சவே கூடாது. பெரியவருக்கு அது சின்ன எரிச்சல். அதே வைரஸ் பிறந்து ஒரு மாதமாகாத பிள்ளையின் மூளை, ஈரல்வரை போய் உயிரையே எடுக்கக்கூடியது. மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தால், காலைவரை பார்ப்போம் என்று இருக்காமல் அந்த நேரமே ஆசுபத்திரிக்குப் போக வேணும்.

வன்னிக்கென்று உள்ள ஒரு கொஞ்சல் காட்டுத்தேன். விரலில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தால் பிள்ளை முகத்தைச் சுழித்துச் சப்புக்கொட்டும், பார்க்க ஆசைதான். ஒரு வயது முடியும்வரை வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சு விட்டுத் தசைகளைச் சோரச் செய்யும். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. முள்ளியவளைத் தேனோ போத்தல் தேனோ, எல்லாம் ஒன்றுதான்.

இனி விளையாட்டு. பிறந்த பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரம், கையில் ஏந்தியவரின் முகம் இருக்கிற தூரம். விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டு கைதட்டிக் கூப்பிடுவது அந்த வயதுக்கு எடுபடாது. கிட்டப் போய், முகத்தில் வெளிச்சம் விழுகிற பக்கமாக இருந்து, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, இழுத்து, "என்ரை குஞ்சு என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டு நிறுத்த வேணும். இந்த நிறுத்தத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பிள்ளை அந்தக் குரலை வாங்கி, வாயைக் குவித்து, காலை உதைத்து ஒரு சத்தம் விட ஐந்து முதல் பத்து விநாடி ஆகும். அதற்குள் பெரியவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். மனதுக்குள் பத்துவரை எண்ணிப் பாருங்கோ, "ங்ங்" என்று ஒரு பதில் வரும். ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு, மூன்று நாலு மாதத்தில் சத்தமான சிரிப்பு.

மறுமொழியே வராவிட்டால் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்பதை எட்வர்ட் ட்ரொனிக் என்ற உளவியலாளர் 1970களில் சோதித்துக் காட்டினார். விளையாடிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொண்டார். பிள்ளை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டிப் பார்த்தது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டு மறுகையால் பிள்ளையை ஆட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

முகத்தைத் திருப்புவது, கொட்டாவி, விக்கல், விரல்களை விறைப்பாக விரிப்பது, முதுகை வில்லாக வளைப்பது எல்லாம் பிள்ளை "காணும்", அதாவது போதும், என்று சொல்கிற வழிகள். அப்போது முகத்துக்கு முன்னால் திரும்ப வந்து நின்று "இங்கை பார், இங்கை பார்" என்றால் அழுகைதான் வரும். பேசாமல் பக்கத்தில் இருந்தால் அரை நிமிடத்தில் அதுவே திரும்பிப் பார்க்கும். பங்குனி, சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, நண்பகலில் இந்தக் "காணும்" இன்னும் கெதியாக வரும். பிள்ளையைக் குளிப்பாட்டிப் பால் கொடுத்து அரை மணித்தியாலத்துக்குப் பின் விளையாட்டை வைத்தால் நல்லது.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரையும் ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணியும் வகுத்தார்கள். முதலாவது கையை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது, இரண்டாவது கை கொட்டுவது. இன்றைக்கு கிளினிக்கில் மருத்துவமாது பார்க்கிற வளர்ச்சிப் படிகளும் ஏறக்குறைய இதே வரிசைதான். ஐந்து மாதப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தட்டிவிட்டு "கை கொட்டுது" என்று படம் எடுப்பது பெரியவர்களின் அவசரம்.

அம்மம்மாக்களின் கைவிளையாட்டில் எனக்கு முதலிடம் நண்டூருவதற்குத்தான். பிள்ளையின் உள்ளங்கையை விரித்து அதில் கீரை கடைவது போல விரலைச் சுற்றி, ஒவ்வொரு விரலையும் மடக்கி "இது அம்மாவுக்கு, இது அப்பாவுக்கு, இது மாமிக்கு" என்று பங்கு வைத்து, பிறகு இரண்டு விரலால் மணிக்கட்டிலிருந்து கமக்கட்டுவரை நண்டு நடக்கவிடுவது. ஆறு மாதத்துக்குப் பின் இது நன்றாகப் பிடிக்கும். சிரிப்பு கூசுவதில் மட்டும் இல்லை, கூசப்போகிறது என்று தெரிந்து காத்திருப்பதில் இருக்கிறது. அதனால் முழங்கைக்கு வந்ததும் நண்டு நிற்க வேணும். பிள்ளையின் கண்ணைப் பார்க்க வேணும். நாலைந்து தரம் ஒரே மாதிரிச் செய்து பழக்கிய பின், ஒரு தரம் நண்டு திரும்பி மணிக்கட்டுக்கே போகட்டும். அப்போது விடுகிற சிரிப்பு வேறு. நேராகக் கமக்கட்டுக்குள் விரலை விட்டுக் கிண்டுகிற மாமாமாருக்கு ஒன்று: கூசினால் உடம்பு தானாகச் சிரிக்கும், விருப்பமில்லாவிட்டாலும் சிரிக்கும். கையை இழுத்துக்கொண்டால் நிறுத்துங்கோ. திரும்பவும் உள்ளங்கையை நீட்டினால் தொடங்குங்கோ. ஒரு வயதுப் பிள்ளை தெளிவாக நீட்டும்.

சீலைத் தலைப்பால் முகத்தை மறைத்து "எங்கை அம்மம்மா? இந்தா!" என்பதும் மாதத்துக்கு மாதம் மாறும். நாலைந்து மாதத்தில் உங்கள் முகத்தை ஒரு விநாடி மட்டும் மறையுங்கோ, குரல் நிற்கக்கூடாது. அந்த வயதில் காணாமல் போனது இருக்கிறது என்ற நம்பிக்கை உறுதியாக இல்லை. மறைப்பு நீண்டால் பிள்ளை பயந்துவிடும். எட்டு மாதமளவில் அதுவே சீலையை இழுத்து உங்களைக் கண்டுபிடிக்கும். இரண்டு மூன்று வயதில் தன் கண்ணை மட்டும் பொத்திக்கொண்டு தான் ஒளிந்ததாக நம்பும், நீங்களும் நம்ப வேணும். பிள்ளையின் முகத்தின் மேல் துவாய், போர்வை போன்ற தடித்த துணியைப் போடாதீர்கள். மெல்லிய பருத்தித் துணி, இரண்டு விநாடி, அவ்வளவுதான்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடித்துக் கணைக்காலில் பிள்ளையை வைத்து ஆட்டுவது தலை நன்றாக நின்ற பிறகு, ஆறு மாதத்துக்கு மேல். விரலைப் பிடிக்கக் கொடுத்துவிட்டு ஆட்டாமல் கமக்கட்டுக்குக் கீழே நெஞ்சைச் சுற்றிப் பிடிக்க வேணும். மேலே எறிந்து பிடிப்பது மட்டும் எந்த வயதிலும் வேண்டாம். பிறந்த பிள்ளையின் தலை உடம்பின் நீளத்தில் நாலில் ஒன்று. கழுத்துத் தசையோ பலமில்லாதது. எறிதலிலும் உலுக்குதலிலும் தலை முன்பின் அடிபட்டால் மூளையைச் சுற்றியுள்ள இரத்தக்குழாய்கள் கிழியலாம். இங்கே கூரை வளை தாழ்ந்த வீடுகளும், அந்த வளையில் ஃபான் தொங்குகிற வீடுகளும் அதிகம் என்பது வேறு. நடக்கப் பழகிய பிள்ளையை இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கி ஊஞ்சலாட்டுவதும் வழக்கம். ஒன்று முதல் நாலு வயதுவரை முழங்கை மூட்டில் ஒரு எலும்பு அதன் வளையத்திலிருந்து நழுவ அந்த இழுப்பே போதும். பிள்ளை அந்தக் கையை லேசாக மடித்து உடம்போடு வைத்துக்கொண்டு எதையும் எடுக்காது. எண்ணெய் போட்டு உருவினால் நோவுதான் கூடும். ஆசுபத்திரியில் பெரும்பாலும் சில நிமிடத்தில் திரும்பப் போட்டுவிடுவார்கள்.

ஏணையில், அதாவது சீலைத் தொட்டிலில், பிள்ளையை ஆட்டும் வேலை தமையனுக்கோ தமக்கைக்கோ விழும். ஏணை பெரியவரின் முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, கீழே மெத்தை கிடக்க வேணும், முடிச்சை ஒவ்வொரு நாளும் இழுத்துப் பார்க்க வேணும். பிள்ளையின் நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சு அடையும், ஆகவே ஒருவரும் பார்த்துக்கொண்டிராமல் ஏணையில் தூங்க விடாதீர்கள். புரளத் தொடங்கிவிட்டால் ஏணையை அவிழ்த்துவிட வேணும். ஐந்து வயதுத் தமையனுக்குப் பிள்ளையைத் தூக்க ஆசை வந்தால் பாயில் சுவரோடு சாய்ந்து இருக்கவைத்து, மடியில் தலையணி வைத்து, அதன்மேல் கொடுங்கோ. நின்றபடி வேண்டாம். பனையோலைக் கிலுகிலுப்பை செய்து கொடுக்கிறவர்கள் உள்ளே குன்றிமணி போடக்கூடாது. மென்றால் கடும் நஞ்சு.

இரண்டு, நாலு, ஆறு மாதத்தில் தொடையில் ஊசி போட்ட அன்றைக்கு அந்தக் காலைப் பிடித்து விளையாட வேண்டாம் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைக்க வேணும். அம்மாவுக்குத் தெரியும், பக்கத்து வீட்டு மாமிக்குத் தெரியாது.

ஆடி, ஆவணி மாதத்தில் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் உறவுகள் வந்து இறங்கும்போது பிள்ளைக்கு எட்டு ஒன்பது மாதமாக இருந்தால் சங்கடம் நிச்சயம். அந்த வயதில்தான் தெரியாத முகத்துக்கு அழுகை வரும். "போனிலை சிரிச்சுது, இப்ப என்னைத் தெரியேல்லை" என்று சித்தப்பா மனம் வருந்துவார். வந்ததும் பறித்துத் தூக்காமல், தாயோடு கதைத்துக்கொண்டு நிலத்தில் இருக்க வேணும். பிள்ளையை நேரே பார்க்காமல் ஒரு கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தால், கால் மணித்தியாலத்தில் அது தவழ்ந்து வந்து கரண்டியைப் பிடுங்கும். அதுவரை பொறுக்காதவர்களால்தான் அழுகை.

போன் அழைப்பைப் பொறுத்தவரை, 18 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் திரை வேண்டாம் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே உறவினரின் வீடியோ அழைப்புக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. இங்கே காலை எட்டு மணி என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு ஒன்பதரை, கோடையில் பத்தரை. சுவிஸுக்கு பின்னேரம் நாலு மணி நல்லது, அங்கே நண்பகலை ஒட்டி இருக்கும். போனைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் அங்கே தெரிவது தொண்டை மட்டும். அம்மா மடியில் வைத்துக்கொண்டு, அங்கே அப்பம்மா "மூக்கு எங்கை?" என்று கேட்கும்போது இங்கே மூக்கைத் தொட்டுக் காட்ட வேணும்.

கடைசியாகப் பல்லுக்கொழுக்கட்டை, பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததும் குடும்பம் முழுதும் கூடிக் கொஞ்சுகிற நாள். வறுத்த அரிசிமாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்து, உள்ளே வறுத்துக் குத்திய பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்து, விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்தி அவிப்பார்கள். வெள்ளைத் துணியைப் பிள்ளையின் தலைக்கு மேல் பிடித்து, அதன்மேல் கொழுக்கட்டையைக் கொட்டுவார்கள். சுடச்சுட கொட்டிவிடுவதுதான் வழக்கமான பிழை. இறக்கி அரை மணித்தியாலமாவது ஆறவிட்டு, ஒன்றை உடைத்து உள்ளீட்டை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கோ. வெளி ஆறினாலும் சர்க்கரை உள்ளே சூடு காக்கும். தலையில் கொட்டுவதற்கென்று பெருவிரல் அளவில், பல் குத்தாமல் கொஞ்சம் தனியாகச் செய்யலாம். உருண்டு விழும் தேங்காய்ச் சொட்டுப் பிள்ளையின் தொண்டைக்குச் சரியான அளவு. அடைத்துவிட்டால் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையை முன்னங்கையில் தலை தாழக் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து தட்டு, போகாவிட்டால் மல்லாத்தி நெஞ்சு நடுவில் ஒரு உள்ளங்கையின் அடியால் ஐந்து அமுக்கு, மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் தோண்டக்கூடாது. இன்னொருவர் 1990க்கு எடுக்கட்டும், அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

பிறகு, பிள்ளை எதை எடுக்கும் என்று பார்க்க முன்னால் வைக்கிற தட்டு: புத்தகம், பேனை, நகை, காசு. நாணயம் வேண்டாம், தாள்காசு வையுங்கோ. கத்தரிக்கோல் வைக்கிற வீடுகளும் உண்டு, அதையும் எடுத்துவிடலாம். புத்தகத்தைக் கைக்கெட்டவும் மற்றதெல்லாவற்றையும் தள்ளியும் வைக்கிற அம்மப்பாவை யாரும் கண்டுகொள்ளாமல் இருப்பதே வழக்கம். பிள்ளை ஒன்றையும் எடுக்காமல் தட்டைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினால், படத்துக்காகத் திருப்பி அடுக்க வேண்டாம். பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, வந்தவர்களுக்குக் கொழுக்கட்டையைப் பரிமாறுங்கோ.