ஃபர்ம் போடுவதற்கு முன் போய்ப் பார்த்தோம்

என் மகள் இப்போது இங்கிலாந்தில் பார்மசி முதலாம் ஆண்டு படிக்கிறாள். 2025 மார்ச் தொடங்கும்போது அவளுடைய கையில் நான்கு ஓஃபர், அதாவது இன்ன பெறுபேறு எடுத்தால் இடம் தருவோம் என்ற பல்கலைக்கழகப் பதில்கள், இருந்தன. எது நல்லது என்று எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கருத்தும் இருந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் நாங்கள் அலைந்த அலைச்சல், இந்த வருடம் பிள்ளையோடு அதே இடத்தில் நிற்கிறவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எடுத்தவள். எங்களுக்கு வெட்டுப்புள்ளி வரும், பிறகு எந்தப் பல்கலைக்கழகம் என்று கடிதம் வரும். பேராதனையா, கொழும்பா, யாழ்ப்பாணமா என்று போய்ப் பார்த்து முடிவெடுத்ததாக எந்த வீட்டிலும் கேள்விப்பட்டதில்லை. இடம் கிடைத்ததே பெரிய காரியம். அந்த நினைப்பில்தான், ஓஃபர் கிடைத்தவர்களுக்காகப் பல்கலைக்கழகம் நடத்தும் நாளுக்குப் போகவேண்டும் என்று மகள் சொன்னபோது, "ஏன் பிள்ளை, எல்லாம் இணையத்தில இருக்குத்தானே" என்று கேட்டேன். "அம்மா, நாலு வருசம் அங்க இருக்கப்போறது நான்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

முறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வருடம் கடைசி நாள் ஜனவரி 29. பதில்கள் வந்தபின் ஒன்றை முதல் தெரிவாக ஃபர்ம் என்றும், அது கைவிட்டால் போக இன்னொன்றை இன்ஷூரன்ஸ் என்றும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதற்கு ஜூன் முதல் வாரம் வரை அவகாசம் இருக்கும். நிறைய நாள் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் மே மாதம் ஏ லெவல் (நம் உயர்தரம் போன்றது) சோதனை தொடங்கிவிடும், அதற்கு முதல் மாதம் மீட்டல். ஆகவே போய்வர உண்மையில் இருப்பது பெப்ரவரி, மார்ச், ஏப்ரலில் சில வார இறுதிகள்தான். நான்கு இடத்துக்கும் ஓடவேண்டியதில்லை. மனதில் நிற்கிற இரண்டு மூன்று போதும். ரயில் செலவுக்கு ஒரு வழி: இரண்டு பேர் சேர்ந்து பயணம் செய்ய டூ டுகெதர் ரயில்கார்ட் என்று ஒன்று இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாளில் காலை 9.30க்குப் பிறகுதான் செல்லும் என்பதைக் கவனியுங்கள். சில பல்கலைக்கழகங்கள் ஓஃபர் கிடைத்த பிள்ளையின் பயணச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதும் உண்டு. கேட்டுப் பாருங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

முதலில் போனது, தரப்பட்டியலில் மேலே இருந்த பல்கலைக்கழகத்துக்கு. பெயர் சொல்லவில்லை. அது நல்ல இடம்தான், எங்கள் பிள்ளைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை. நிலையத்திலேயே மாணவர்கள் நிறச் சட்டையோடு நின்று வரவேற்றார்கள். பை, பேனா, கோப்பி, பெரிய மண்டபத்தில் பேராசிரியரின் பேச்சு, பிறகு ஒரு மாதிரி விரிவுரை. எல்லாம் ஒழுங்காக நடந்தது. திரும்பும்போது மகளின் முகம் மலர்ந்திருந்தது, என் கணவரும் தொலைபேசியில் "அப்ப சரி, அதையே போடுங்கோ" என்றார்.

ரயிலில் அவர்கள் தந்த வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். நாங்கள் நாள் முழுக்க நின்றது பிரதான வளாகம். பார்மசி கட்டடம் அந்தத் தாளில் வேறொரு மூலையில், ஒரு சின்னச் சதுரமாக, பஸ் இலக்கத்தோடு இருந்தது. நாங்கள் அதன் உள்ளே காலே வைக்கவில்லை.

கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்து அந்தக் குடும்பம் எப்படிப்பட்டது என்று சொல்ல முடியாது. அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான். யாரும் பொய் சொல்லவில்லை, எல்லோரும் உடுத்திக்கொண்டு நின்றார்கள். அதனால் மகளின் பள்ளியில் ஆசிரியர் பயிற்சிக்காக விடுமுறை விட்ட ஒரு திங்கட்கிழமை மறுபடியும் போனோம். ஈஸ்டர் விடுமுறையில் போகலாம் என்று முதலில் நினைத்தோம், நல்லவேளை போகவில்லை. பள்ளிக்கு விடுமுறை விடும் காலத்தில் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கும் விடுமுறை, வெறும் கட்டடத்தைத்தான் பார்த்திருப்போம். மகள் முன்கூட்டியே அனுமதிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டாள். அவர்களே இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரைச் சந்திக்க ஏற்பாடு செய்து தந்தார்கள்.

அன்று நாங்கள் செய்த முதல் வேலை, முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் தங்கும் விடுதி வாசலில் நின்று பார்மசி கட்டடத்துக்குப் பஸ் ஏறியது. முதல் பஸ் நிறைந்து போய்விட்டது. அடுத்ததில் ஏறி, இறங்கி, நடந்து, கதவுக்கு வந்து சேர 40 நிமிடம். காலை ஒன்பது மணி ஆய்வுகூடத்துக்கு, மழையில், நவம்பரில் இதே வழி. மகள் ஒன்றும் சொல்லவில்லை, கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தாள்.

அந்த மாணவி ஒளிவுமறைவில்லாமல் கதைத்தார். ஆசிரியர்கள் நல்லவர்கள், கணக்கில் தடுமாறுகிறவர்களுக்கு வாராவாரம் தனியாக வகுப்பு வைக்கிறார்கள் என்றார். பிளேஸ்மென்ட், அதாவது வேலையிடத்துக்கே போய்ப் பெறும் பயிற்சி, பற்றிக் கேட்டபோது, சில இடங்களுக்கு ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் என்றார். பார்மசியில் இது சின்ன விஷயம் இல்லை. நான்கு வருடப் படிப்பு, பிறகு ஒரு வருடப் பயிற்சி, அதன்பிறகுதான் மருந்தாளராகப் பதிவு. 2026 முதல் புதிதாகப் பதிவாகிறவர்கள் தாங்களே மருந்து எழுதிக் கொடுக்கும் தகுதியோடு வெளியே வரவேண்டும் என்பதால் மருத்துவமனையிலும் மருந்தகத்திலும் நோயாளிகள் முன்னால் நிற்கும் நேரம் முன்பைவிட முக்கியமாகிவிட்டது. உங்கள் பிள்ளை தாதியர் படிப்புக்கோ ஆசிரியப் படிப்புக்கோ போனாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: பிளேஸ்மென்ட் எங்கே, எப்படிப் போவது, போக்குவரத்துச் செலவு யாருடையது?

அன்று இன்னொன்றும் செய்தோம். "ஒரு மணி நேரம் நீ உன்பாட்டில சுத்து, நான் இங்க இருக்கிறன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு நான் வாசலருகே உட்கார்ந்துவிட்டேன். முதல் பயணத்தில் நான் பக்கத்தில் நின்றதால் அவள் கேட்க நினைத்த கேள்விகளை நானே கேட்டுவிட்டேன். விரிவுரையாளரும் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். அது நடந்திருக்கக் கூடாது. தனியே விட்ட அந்த ஒரு மணி நேரத்தில் அவள் உணவகத்தில் தனியாகச் சாப்பிட்டாள், நூலகத்தின் வெளிவாசல் வரை போனாள், யாரோ இரண்டு பிள்ளைகளோடு கதைத்தாள். தனியே ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படியிருக்கிறது என்பது முதல் வாரங்களில் எல்லாப் பிள்ளைக்கும் வரும் அனுபவம். அதை அவள் முன்னமே கொஞ்சம் தொட்டுப் பார்த்தது நல்லதென்று நினைக்கிறேன்.

திரும்பும் ரயிலில் "எப்படி, பிடிச்சிருக்கோ?" என்று கேட்கத் துடித்தது. கேட்கவில்லை. நாம் வாய் திறந்தால் பிள்ளை நம் முகத்துக்கு ஏற்ற பதிலைச் சொல்லும். பாதி வழியில் அவளே சொன்னாள்: "அம்மா, எனக்கு அந்தப் பேர்தான் பிடிச்சிருந்தது போல."

இரண்டாவது பல்கலைக்கழகம் பட்டியலில் நன்றாகக் கீழே. பழைய கட்டடங்கள், சின்ன ஊர். ஆனால் அங்கே பார்மசி கட்டடமும் விடுதியும் எட்டு நிமிட நடை. நடந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். உள்ளே மருந்தகம் போலவே ஒரு பயிற்சி அறை, கவுண்டரும் தட்டுகளும் எல்லாம் உண்மை போலவே. ஒரு விரிவுரையாளர் மகளிடம் மருந்துச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, இதில் என்ன பிழை என்று கேட்டார். அவள் கண்டுபிடிக்கவில்லை. அவர் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். கால் மணி நேரம் இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். அந்தக் கால் மணி நேரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

வீட்டில் பெரிய வாக்குவாதம். இவருக்குத் தரப்பட்டியல்தான் கண்ணுக்குத் தெரிந்தது. குறை சொல்லமாட்டேன், எங்கள் தலைமுறை அப்படித்தான் வளர்ந்தது. உட்கார்ந்து பார்த்தோம். எங்கே படித்தாலும் அந்தப் படிப்பை, மருந்தாளர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் பார்மசூட்டிக்கல் கவுன்சில் அங்கீகரித்திருக்க வேண்டும். எல்லோரும் கடைசியில் எழுதுவதும் ஒரே பதிவுப் பரீட்சைதான்: முதல் தாளில் 40 கணக்கு, இரண்டாவதில் 120 கேள்வி. பல்கலைக்கழக வாரியாக எத்தனை வீதம் தேர்ச்சி என்பதையும் அந்தக் கவுன்சிலே வெளியிடுகிறது. எடுத்துப் பார்த்தபோது நாங்கள் பயந்த அளவு வித்தியாசம் இருக்கவில்லை. வேறு படிப்புகளுக்கு டிஸ்கவர் யூனி என்ற அரசாங்கத் தளத்தில் மாணவர் திருப்தி, படித்து முடித்தவர்களின் வேலை எல்லாம் பாடவாரியாக இருக்கின்றன. மொத்தப் பல்கலைக்கழகத்தின் தரத்தைவிடப் பாடத்தின் விவரத்தைப் பாருங்கள்.

"சரி, அப்ப பெரிய இடத்தை இன்ஷூரன்ஸாப் போடுவம்" என்றார் இவர். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மூன்று பாடத்துக்கும் அங்கே கேட்ட பெறுபேறு ஏ ஏ பி, சின்ன ஊரில் கேட்டது ஏ பி பி. ஃபர்முக்கு வேண்டியது கிடைக்காமல் போனால் அதைவிடக் கூடக் கேட்கும் இடம் எப்படிக் காப்பாற்றும்? இன்ஷூரன்ஸ் என்பது கொஞ்சம் குறைவாகக் கேட்கும் இடமாக இருக்கவேண்டும், அதோடு பிள்ளை மனம் ஒப்பிப் போகக்கூடிய இடமாகவும் இருக்கவேண்டும். எங்களுக்குப் பி பி பி கேட்ட மூன்றாவது இடம் லண்டனில், வீட்டிலிருந்தே போய்வரலாம். பக்கத்தில்தானே என்று நாங்கள் பார்க்கவே நினைக்கவில்லை. மகள் ஏப்ரல் கடைசியில் ஒரு பின்னேரம் தனியே போய் வந்து, "இங்க வந்தாலும் அழமாட்டன்" என்றாள். அதன்பிறகுதான் யூகாஸில் இரண்டையும் பதிந்தாள். நல்லாகப் படித்தும் சோதனையில் ஒரு படி சறுக்கிய பிள்ளைகள், ஒருநாளும் பார்த்திராத இன்ஷூரன்ஸ் இடத்துக்கு செப்டெம்பரில் பெட்டியோடு போய் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது அவர்களுக்குக் கஷ்டம்.

காசு விஷயத்தையும் அந்தப் பயணத்திலேயே கேட்டுவிட வேண்டும். 2025-26 இல் கல்விக் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்ட், அதற்குக் கடன் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. இங்கிலாந்தில் இப்போது படிக்கத் தொடங்குகிற பிள்ளைகள், வருட வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டிய பகுதியில் 9 வீதம் திருப்பிக் கட்டுகிறார்கள், 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. நம்மைக் கடிக்கிறது வாழ்க்கைச் செலவுக்கான கடன். அதே 2025-26 இல், வீட்டை விட்டு லண்டனுக்கு வெளியே தங்கினால் உச்சம் 10,544 பவுண்ட், பெற்றோரோடு இருந்தால் 8,877. ஆனால் இந்த உச்சம் குடும்ப வருமானம் 25,000 அல்லது அதற்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான். வருமானம் ஏற ஏறக் கடன் குறையும். குறைகிற தொகையைப் பெற்றோர் போடுவார்கள் என்று எதிர்பார்க்கிறார்கள், ஆனால் அப்படி யாரும் எழுதிச் சொல்வதில்லை. ஆகவே விடுதி வாடகையைக் கேட்கும்போது வாரத்துக்கு எவ்வளவு என்பதோடு எத்தனை வார ஒப்பந்தம் என்றும் கேளுங்கள். வாரக் கணக்கில் மலிவாகத் தெரியும் அறை, ஒப்பந்தம் நீளமாக இருந்தால் வருடக் கணக்கில் கூடிவிடும்.

விடுதியில் நான் அதிக நேரம் நின்றது குசினியில். ஏழு பிள்ளைக்கு ஒரு குசினி. ஃபிரீசரில் ஆளுக்கொரு தட்டு. தாளித்தால் புகை மணி அடிக்குமா என்று கேட்டேன். காட்டிக்கொண்டு வந்த பையன் சிரிக்காமல், கதவைச் சாத்தி விசிறியைப் போட்டால் அடிக்காது என்று சொன்னார். மரக்கறி மட்டும் சாப்பிடும் பிள்ளை என்றால் உணவோடு சேர்ந்த விடுதியில் வாராந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், பெற்றோருக்கானது. பிள்ளைக்குப் 18 வயதான பிறகு பல்கலைக்கழகம் அவளைப் பற்றி நம்மிடம் கதைக்காது. அவள் வகுப்புக்கு வருகிறாளா, பாஸா, சுகமா என்று தொலைபேசியில் கேட்டால் பதில் வராது. ஆகவே பெற்றோர் அமர்வில் நான் கேட்ட ஒரேயொரு கேள்வி இதுதான்: அவள் இரண்டு வாரம் வகுப்புக்கு வராவிட்டால் யார் கவனிப்பார், என்ன செய்வார்? ஓரிடத்தில் பொதுவாக ஏதோ சொன்னார்கள். சின்ன ஊரில் தனி ஆசிரியர் அழைப்பார், பிறகு விடுதிக்கே ஆள் போகும் என்று படிப்படியாகச் சொன்னார்கள். அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ளலாம் என்று பிள்ளையே பெயர் கொடுத்து வைக்கலாம். யூகாஸிலும் அப்படி ஒருவரை நியமிக்கலாம். முடிவு நாளன்று பிள்ளை பதறி நின்றால் அவள் சார்பில் நாம் கதைக்க அது உதவும்.

ஆகஸ்ட் 14 காலை முடிவு வந்தது. இரசாயனவியலில் பி, மற்ற இரண்டில் ஒரு ஏ, ஒரு பி. கேட்டது சரியாகக் கிடைத்தது. விடுதிக்கு அவள் ஃபர்ம் போட்ட அன்றிரவே விண்ணப்பித்திருந்தாள். நிறைய இடங்களில் அறை உறுதி என்பது ஃபர்ம் போட்டு, சொன்ன தேதிக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும்தான். நாங்கள் பார்த்துவிட்டு வந்த அதே கட்டடத்தில் அறை கிடைத்தது. மாதத்துக்கு ஒருமுறை நான் சமைத்து உறையவைத்துக் கொடுத்து அனுப்புகிறேன், அந்த ஒரு தட்டில் ஆறு டப்பா கணக்காக அடங்குகிறது.